ஏரித் தண்ணீர் பச்சையானால் நஞ்சா?

மைசூர் மானசகங்கோத்ரி வளாகத்தை ஒட்டிய குக்கரஹள்ளி ஏரிக்கு 160 வயது கடந்துவிட்டது. 1864-இல், மும்மடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில், ஊருக்கு வெளியே இருந்த வயல்களுக்குப் பாசனம் தர அமைத்த ஏரி. வயல்கள் போய் வீடுகள் வந்துவிட்டன. இன்று ஏரியைத் தேடி வருகிறவர்கள் காலை நடைக்காரர்களும் கூழைக்கடாக்களும் மஞ்சள்மூக்கு நாரைகளும்தான். வெயில் ஏறி, காற்று அடங்கி, தண்ணீர் அசையாமல் கிடக்கும் நாள்களில் இப்படிப்பட்ட ஏரிகள் பச்சையாகிவிடும். காற்று ஒதுக்கும் கரையில் அந்தப் பச்சை தடித்து ஆடை கட்டும். நடந்துபோகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்பது ஒரே கேள்வி: இது விஷமா?

பார்த்துச் சொல்ல முடியாது என்பதுதான் நேர்மையான பதில். நாற்றத்தை வைத்தும் சொல்ல முடியாது. பாசி பிடித்த தண்ணீரில் வரும் மண்வாசனைக்குக் காரணம் ஜியோஸ்மின் என்ற பொருள். அது ஆளைக் கொல்லாது. ஆளைக் கொல்லக்கூடிய மைக்ரோசிஸ்டின் என்ற பாசி நஞ்சுக்கு மணமே கிடையாது. ஆகவே நாறும் ஏரி தீங்கற்றதாக இருக்கலாம், நாறாத ஏரி நஞ்சாக இருக்கலாம். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் கடந்த முப்பது ஆண்டுகளாக அறிவியலாளர்கள் பாசியின் மரபணுவைச் சோதிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். அந்தச் சோதனை எப்படி நடக்கிறது, எதைச் சொல்கிறது, எந்த இடத்தில் கைவிரிக்கிறது என்பதைப் பார்ப்போம்.

முதலில் ஆள் யார் என்று தெரிய வேண்டும். நாம் நீலப்பச்சைப் பாசி என்று அழைப்பது உண்மையில் பாசி இனமே இல்லை; ஒளியை உண்டு வாழும் பாக்டீரியா. சயனோபாக்டீரியா என்பது அறிவியல் பெயர். நாம் மூச்சு விடும் காற்றில் ஆக்சிஜனை முதன்முதலில் நிரப்பியவை இவற்றின் மூதாதைகள்தான். எல்லாமே கெட்டவையும் இல்லை. குக்கரஹள்ளிக்குப் பக்கத்திலேயே, செலுவாம்பா மாளிகையில், 1950 முதல் இயங்கும் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் 1970-களில் ஜெர்மானியர்களோடு சேர்ந்து பாசி வளர்ப்பு ஆராய்ச்சி நடத்தியது. அந்த வழியில் வளர்ந்ததுதான் இந்தியாவின் ஸ்பைருலினா முயற்சிகளில் ஒன்று. ஸ்பைருலினாவும் சயனோபாக்டீரியாதான். ஒரே ஊரில், ஒரே குடும்பத்துப் பிள்ளை ஒன்று சத்து மாத்திரையாகிறது. மற்றொன்று ஏரியில் மிதந்து பயமுறுத்துகிறது.

பயமுறுத்துகிறவற்றில் முதலிடம், மைக்ரோசிஸ்டின் நஞ்சைத் தயாரிக்கக்கூடிய மைக்ரோசிஸ்டிஸ் என்ற இனத்துக்கு. மைசூர் ஏரிகளின் மிதவை உயிரிகளை ஆராய்ந்தவர்கள் இதைத் திரும்பத் திரும்பப் பதிந்திருக்கிறார்கள். ஒரு செல் சில மைக்ரான்தான். ஆனால் ஆயிரக்கணக்கில் ஒட்டிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியும் குருணைகளாக மிதக்கும். செல்லுக்குள் காற்றுப் பைகள் உண்டு. அவற்றின் உதவியால் வெளிச்சம் தேடி மேலே வரும், உணவு தேடிக் கீழே இறங்கும். சாக்கடை கலந்த, பாஸ்பரஸ் மிகுந்த, வெதுவெதுப்பான, ஓடாத தண்ணீர் இதற்குச் சொர்க்கம். குக்கரஹள்ளிக்கு நல்ல தண்ணீர் கொண்டுவந்த பூர்ணையா கால்வாய் ஆக்கிரமிப்பில் சிக்கியது. சுற்றுவட்டாரக் கழிவுநீர் மட்டும் பல ஆண்டுகள் தடையில்லாமல் வந்து சேர்ந்தது. பிறகு கழிவுநீரைத் திருப்பிவிடும் வேலைகள் நடந்தன. ஆனால் பல ஆண்டுகளாக அடிச்சேற்றில் படிந்த பாஸ்பரஸ் ஒரே நாளில் போய்விடாது. கோடை வந்தால் சேறு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீருக்குத் திருப்பித் தரும். ஏரியைச் சுத்தம் செய்த பிறகும் ஏன் பச்சையாகிறது என்று கேட்பவர்களுக்கு இதுவே விடை.

நஞ்சின் கதை பழையது. 1878-இல் ஆஸ்திரேலியாவின் அலெக்சாண்ட்ரினா ஏரியில் பச்சை நுரையைக் குடித்த கால்நடைகள் செத்ததை ஜார்ஜ் பிரான்சிஸ் என்பவர் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். மனிதர்களுக்கு நேர்ந்ததில் மிகக் கொடுமையானது 1996-இல் பிரேசிலின் கருவாரு நகரில் நடந்தது. சிறுநீரகச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றுக்கு லாரியில் வந்த ஏரித் தண்ணீர் சரியாகச் சுத்திகரிக்கப்படவில்லை. டயாலிசிஸ் என்றால் தண்ணீர் ஏறக்குறைய நேராக இரத்தத்தைத் தொடும். நூற்றுக்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். 52 சாவுகளுக்கு மைக்ரோசிஸ்டினே காரணம் என்று ஆய்வாளர்கள் கணித்தார்கள். 2014 ஆகஸ்ட்டில் அமெரிக்காவின் டொலீடோ நகரில் நாலு லட்சம் பேருக்கு மேல் குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள் என்று உத்தரவு வந்தது. ஈரி ஏரியில் பெருகிய மைக்ரோசிஸ்டிஸ்தான் காரணம். அந்த உத்தரவில் இன்னொரு வரியும் இருந்தது: காய்ச்சாதீர்கள்.

காய்ச்சினால் ஏன் பயனில்லை? மைக்ரோசிஸ்டின் ஏழு அமினோ அமிலங்கள் வளையமாகக் கோத்த சிறு மூலக்கூறு. கொதிநீர் அந்த வளையத்தை உடைப்பதில்லை. மாறாக, செல்களை உடைத்து உள்ளே இருந்த நஞ்சையும் வெளியே விட்டுவிடும். தண்ணீர் ஆவியாகக் குறைவதால் மிஞ்சியதில் நஞ்சின் அடர்த்தியும் கூடும். உடலுக்குள் போனால் கல்லீரல் செல்கள் இதைத் தாமே உள்ளே இழுத்துக்கொள்கின்றன. அங்கே பாஸ்படேஸ் என்ற முக்கிய நொதிகளை இது முடக்கிவிட, செல்லின் உள்கட்டமைப்பு சரிந்து கல்லீரலுக்குள் இரத்தம் கசியும். மைக்ரோசிஸ்டின்-எல்ஆர் என்ற வகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவற்றின் பட்டியலில், 2பி பிரிவில், சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை சேர்த்திருக்கிறது. வாழ்நாள் முழுதும் குடிக்கும் தண்ணீரில் லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமுக்கு மேல் கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அதாவது பத்து லட்சம் லிட்டர் தண்ணீரில் ஒரே ஒரு கிராம்.

இனி நுண்ணோக்கியின் எல்லைக்கு வருவோம். இந்தியாவில் நீலப்பச்சைப் பாசிகளை இனம் காண்பதற்கு ஒரு பெரிய புத்தகம் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் டி.வி. தேசிகாச்சாரி எழுதி, 1959-இல் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட ‘சயனோஃபைட்டா’. செல்லின் வடிவம், அளவு, கூழ்ப்படலம், இழை கிளைக்கும் விதம் என்று கண்ணால் கண்டதை வைத்தே அத்தனை இனங்களையும் வகைப்படுத்திய அந்தப் புத்தகம் உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்படுகிறது. அதை வைத்துக்கொண்டு குக்கரஹள்ளித் தண்ணீர்த் துளியில் இருப்பது மைக்ரோசிஸ்டிஸ் ஏருஜினோசா என்று ஒரு நல்ல தாவரவியலாளர் சில நிமிடங்களில் சொல்லிவிடுவார். ஆனால் அது நஞ்சு தயாரிக்குமா என்று கேட்டால் அவரும் தயங்கத்தான் வேண்டும். ஒரே பெயர், ஒரே தோற்றம், ஒரே ஏரி. அதில் சில செல்கள் நஞ்சு தயாரிக்கும், சில தயாரிக்காது. பக்கத்தில் பக்கத்தில் மிதக்கும் இரண்டு குருணைகளுக்கு நடுவே கூட இந்த வேறுபாடு இருக்கலாம்.

வேறுபாடு எங்கே இருக்கிறது என்பது 1990-களின் கடைசியில் தெளிவானது. 1997-இல் ஜெர்மனியின் எல்கே டிட்மனும் சக ஆய்வாளர்களும், நஞ்சு தயாரிக்கும் ஒரு மைக்ரோசிஸ்டிஸ் வகையில் ஒரே ஒரு மரபணுவைக் குலைத்தார்கள். அந்தச் செல்கள் வழக்கம்போல வளர்ந்தன. நஞ்சு மட்டும் நின்றுவிட்டது. 2000-இல், பிரெட் நீலனின் சிட்னி ஆய்வகமும் ஜெர்மானியர்களும் சேர்ந்து நஞ்சு மரபணுக்களின் முழுத் தொகுப்பையும் படித்து முடித்தார்கள். சுமார் 55,000 டி.என்.ஏ. எழுத்து நீளம், பத்து மரபணுக்கள். எம்சிஒய்-ஏ முதல் எம்சிஒய்-ஜே வரை பெயர் வைத்தார்கள்.

அந்தப் பத்தும் உண்டாக்கும் நொதிகள் வேலை செய்யும் விதத்தைப் பூக்கட்டுகிற பெண்களை வைத்துச் சொல்லலாம். தேவராஜ மார்க்கெட்டில் மைசூர் மல்லிகை கட்டுகிறவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பதாக வையுங்கள். ஆளுக்கு ஒரு பூ. முதல் ஆள் கட்டிய சரம் அடுத்தவர் கைக்குப் போகும், அவர் தன் பூவைச் சேர்ப்பார். கடைசி ஆள் இரண்டு முனைகளையும் முடிந்து வளையமாக்குவார். நடுவில் ஒரே ஒருவர் எழுந்து போனாலும் சரம் அங்கேயே நின்றுவிடும். சில இடங்களில் யார் எந்தப் பூவை எடுக்கிறார் என்பது மாறலாம். அதனால்தான் மைக்ரோசிஸ்டினில் இருநூறுக்கு மேற்பட்ட வகைகள் உண்டு. ஆனால் ஒரு பூ மட்டும் அநேகமாக எல்லா வகையிலும் இருக்கும்: ஆடா என்ற விநோத அமினோ அமிலம். நஞ்சின் வீரியம் பெரிதும் அதில்தான் இருக்கிறது. அதைச் செய்வதில் முக்கியப் பங்கு எம்சிஒய்-இ மரபணுவுக்கு. ஆகவே சோதனைக்காரர்கள் அதிகம் தேடுவதும் அதைத்தான்.

ஒரே இனத்தில் சிலவற்றுக்கு மட்டும் ஏன் இந்தத் தொகுப்பு? பின்லாந்து ஆய்வாளர்கள் 2004-இல் சொன்ன விடை எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த செய்தி. இந்த மரபணுக்களின் வம்சாவளியைப் பின்னோக்கிப் பிடித்துப் பார்த்தால், அவை மிகமிகப் பழையவை; விலங்குகளே தோன்றாத காலத்து மூதாதையிடமே இருந்தவை. பிறகு வந்த சந்ததிகளில் பல அவற்றைத் தொலைத்துவிட்டன. நஞ்சு புதிதாகக் கற்ற வித்தை இல்லை. மறக்காமல் வைத்திருப்பவை சில, மறந்துவிட்டவை பல. அப்படியானால் மாட்டையும் மனிதரையும் கொல்வதற்காக இது உருவாகியிருக்கவே முடியாது. பாசிக்குள் இதற்கு வேறு ஏதோ சொந்த வேலை இருந்திருக்க வேண்டும். அந்த வேலை என்ன என்பதில் விவாதம் இன்னும் முடியவில்லை.

சரி, சோதனை எப்படி நடக்கிறது? ஏரியில் எங்கே அள்ளுகிறோம் என்பதிலேயே பாதி வெற்றி இருக்கிறது. காற்று ஒதுக்கிய கரையில் ஆடையோடு அள்ளினால் ஏரி முழுதும் நஞ்சு போலத் தெரியும். எதிர்க்கரையில் அள்ளினால் ஒன்றுமே இல்லை என்று தோன்றும். ஆகவே பல இடங்களில், மேற்பரப்பிலும் சற்று ஆழத்திலும், பெரும்பாலும் காலையில் அள்ளுவார்கள். ஆய்வகத்தில் அந்தத் தண்ணீரை ஒரு மைக்ரானுக்கும் குறைந்த துளைகள் கொண்ட வடிதாளில் விடுவார்கள். செல்கள் தாளில் தங்கும். உடனே சோதிக்க முடியாவிட்டால் தாளை உறைய வைப்பார்கள்.

அடுத்தது டி.என்.ஏ.வைப் பிரித்தெடுப்பது. பேப்பரில் எளிது, கையில் கடினம். மைக்ரோசிஸ்டிஸைச் சுற்றியிருக்கும் வழவழப்பான கூழ், டி.என்.ஏ.வோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். ஏரியில் மக்கிய இலைகளின் பழுப்புச் சாயமும் கூடவே வரும். இவை இரண்டும் அடுத்த கட்டத்தில் நொதியை முடக்கிவிடும். நஞ்சு மரபணு கிடைக்கவில்லை என்று முடிவு வரும். உண்மையில் சோதனையே நடந்திருக்காது. இதனால்தான் கவனமான ஆய்வகம் ஒவ்வொரு மாதிரியிலும் இரண்டு சோதனை செய்யும். எல்லா சயனோபாக்டீரியாவுக்கும் பொதுவான ஒரு மரபணு, உதாரணமாக 16எஸ் என்ற ரைபோசோம் மரபணு, கிடைக்கிறதா என்று முதலில் பார்க்கும். அது கிடைத்து, நஞ்சு மரபணு மட்டும் கிடைக்காவிட்டால்தான் ‘இல்லை’ என்ற விடைக்கு மதிப்பு. நஞ்சு உண்டு என்று ஏற்கெனவே தெரிந்த வகை ஒன்றையும், வெறும் தண்ணீரையும் கூடவே ஓட்டிப் பார்ப்பார்கள். இந்த ஒப்பீடுகள் இல்லாத அறிக்கையை நீட்டினால் வாங்காமலே இருக்கலாம்.

பிறகு பிசிஆர். கொரோனாவுக்குப் பிறகு இந்தச் சொல்லை விளக்க வேண்டிய அவசியமில்லை. அதே எந்திரம்தான், தேடுகிற எழுத்துகள் வேறு. சுமார் 95 டிகிரியில் டி.என்.ஏ.வின் இரு இழைகளும் பிரியும். சூடு 50, 60 டிகிரிக்கு இறங்கும்போது, நாம் தயாரித்துப் போட்ட இரண்டு குறுந்துண்டுகள் எம்சிஒய்-இ மரபணுவில் தமக்குப் பொருத்தமான இடத்தைத் தேடி ஒட்டும். 72 டிகிரியில் நொதி நடுவில் உள்ளதை எழுதி நிரப்பும். ஒரு சுற்று முடிந்தால் இலக்கு இரட்டிப்பாகும். 35 சுற்றில், எல்லாம் ஒழுங்காக நடந்தால், ஒரு பிரதி சுமார் 3,436 கோடியாகும். அதை ஜெல்லில் ஓட்டி, புற ஊதா ஒளியில் பார்த்தால், பரவலாகப் பயன்படும் ஒரு முறையில் 470 எழுத்து அளவில் ஒரு கோடு ஒளிரும். கோடு தெரிந்தால் இந்தத் தண்ணீரில் நஞ்சு தயாரிக்கும் திறன் உள்ள செல்கள் இருக்கின்றன என்று பொருள். ஐயம் இருந்தால் அந்தத் துண்டின் எழுத்துகளை வரிசையாகப் படித்து எந்த இனத்துக்குரியது என்றும் சொல்லலாம். மைக்ரோசிஸ்டிஸ் மட்டுமல்ல, பிளாங்க்டோத்ரிக்ஸ், டோலிகோஸ்பெர்மம் (பழைய அனபீனா) போன்றவற்றிலும் இதே நஞ்சு உண்டு.

உண்டு, இல்லை என்பது மட்டும் போதாது. பெரும்பாலான பச்சை ஏரிகளில் எப்படியும் ‘உண்டு’ என்றுதான் வரும். எவ்வளவு என்பதுதான் கேள்வி. அதற்கு நிகழ்நேர பிசிஆர். எந்தச் சுற்றில் ஒளி தென்படத் தொடங்குகிறது என்பதை எந்திரம் குறித்துக்கொள்ளும். கொரோனா அறிக்கையில் பார்த்த சி.டி. மதிப்பு அதுவேதான். நஞ்சு மரபணு எத்தனை, மொத்த மைக்ரோசிஸ்டிஸ் எத்தனை என்று தனித்தனியாக எண்ணி வகுத்தால், கூட்டத்தில் நஞ்சுக்காரர்களின் பங்கு கிடைக்கும். பெர்லினின் வான்சே ஏரியில் இப்படி எண்ணியபோது அந்தப் பங்கு 1 சதவீதத்துக்கும் 38 சதவீதத்துக்கும் நடுவே இருந்தது. 2003-இல் வெளியான ஆய்வு அது. ஒரே அளவு பச்சையாகத் தெரியும் இரண்டு நாள்களில் அபாயம் பல மடங்கு வேறுபடலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

இனி கைவிரிக்கும் இடம். மரபணு இருப்பது வேறு, நஞ்சு இருப்பது வேறு. சில வகைகளில் தொகுப்பின் ஒரு பகுதி அழிந்திருக்கும். நாம் தேடிய துண்டு மட்டும் மிஞ்சியிருந்தால் சோதனை ‘உண்டு’ என்று சொல்லும், நஞ்சு இருக்காது. செத்த செல்லின் டி.என்.ஏ.வையும் பிசிஆர் எண்ணிவிடும். மறுபக்கம், ஆடை கலைந்து செல்கள் உடைந்த பிறகு டி.என்.ஏ. சிதைந்துபோயிருக்கலாம், மைக்ரோசிஸ்டின் தண்ணீரில் கரைந்து நாள்கணக்கில், வாரக்கணக்கில் நிற்கும். அப்போது சோதனை ‘இல்லை’ என்று சொல்லும், தண்ணீரோ நஞ்சாக இருக்கும். நம் துண்டுகள் ஒட்டாதபடி எழுத்து மாறிய உள்ளூர் வகை ஒன்று இருந்தாலும் தப்பிவிடும். ஐரோப்பிய ஏரிகளுக்காக வடிவமைத்த துண்டுகளை அப்படியே கர்நாடக ஏரியில் போடுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். இன்னொன்று: மைக்ரோசிஸ்டினைத் தேடினால் மைக்ரோசிஸ்டின்தான் கிடைக்கும். நரம்பைத் தாக்கும் அனடாக்சின், சாக்ஸிடாக்சின், கல்லீரலையும் சிறுநீரகத்தையும் தாக்கும் சிலிண்ட்ரோஸ்பெர்மாப்சின் ஆகியவற்றுக்கு மரபணுக்கள் வேறு, சோதனையும் வேறு.

ஆகவே குடிக்கும் தண்ணீரைப் பற்றி முடிவெடுக்க நஞ்சையே அளக்க வேண்டும். எலிசா என்ற எதிர்ப்புரதச் சோதனை சில மணி நேரத்தில் மொத்த அளவைச் சொல்லும். திரவ வண்ணப்பிரிகையோடு இணைந்த நிறைமானி எந்த வகை, எவ்வளவு என்று பிரித்துச் சொல்லும். ஆனால் எந்திரம் விலை அதிகம். முன்பெல்லாம் பாசிச் சாற்றை எலிக்கு ஊசியாகப் போட்டு எத்தனை மணி நேரத்தில் சாகிறது என்று பார்த்தார்கள். அந்தக் காலம் போனது நல்லது. மரபணுச் சோதனை இவற்றுக்கு மாற்று இல்லை, முன்னெச்சரிக்கை. நஞ்சுக்காரச் செல்கள் மிகக் குறைவாக, தண்ணீர் இன்னும் தெளிவாக இருக்கும்போதே பிசிஆர் கண்டுபிடித்துவிடும். அந்தக் கட்டத்தில் எலிசாவுக்கு ஒன்றும் தெரியாது. ஏரி பச்சையாவதற்கு முன்பே நகராட்சிக்குத் தகவல் கிடைக்கும் என்பதே இதன் முழு மதிப்பு.

உணவுத் தொழிலுக்கும் இது பயன்படுகிறது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஓர் இயற்கை ஏரியிலிருந்து அள்ளிய நீலப்பச்சைப் பாசியைச் சத்து மாத்திரையாக விற்றுவந்தார்கள். சோதித்த 87 மாதிரிகளில் 85-இல் மைக்ரோசிஸ்டின் இருந்தது. அள்ளிய பாசியோடு மைக்ரோசிஸ்டிஸும் சேர்ந்து வந்திருந்தது. கட்டுப்படுத்திய தொட்டியில் வளர்க்கும் ஸ்பைருலினாவுக்கு அந்த அபாயம் குறைவு. அது வளரும் காரத் தண்ணீரில் மற்றவை பிழைப்பது கடினம். ஆனாலும் திறந்தவெளித் தொட்டி திறந்தவெளித் தொட்டிதான். புதுக்கோட்டைப் பக்கம் ஊனையூரில் நடக்கும் பெரிய ஸ்பைருலினா பண்ணை முதல் வீட்டு மாடித் தொட்டி வரை, ஒவ்வொரு தொகுதியிலும் எம்சிஒய் மரபணு இல்லை என்று காட்ட முடியுமா என்பது வாங்குகிறவர் கேட்கக்கூடிய நியாயமான கேள்வி.

தமிழ்நாட்டு வாசகருக்கு மைசூர் ஏரி எதற்கு என்று தோன்றலாம். மைசூர்க்காரர்கள் குக்கரஹள்ளித் தண்ணீரைக் குடிப்பதில்லை. அவர்களுக்குக் குடிநீரைக் காவிரியும் கபினியும் தருகின்றன. அதே காவிரிதான் கிருஷ்ணராஜசாகர் அணையைத் தாண்டி மேட்டூருக்கு வருகிறது. அண்மை ஆண்டுகளில் மேட்டூர் நீர்த்தேக்கத்தின் கரையோர ஊர்களில் தண்ணீர் பச்சையாகி நாற்றம் எடுப்பதாக மக்கள் புகார் செய்ததும், அதிகாரிகள் படகில் போய் நுண்ணுயிர்க் கரைசல் தெளித்ததும் செய்தித்தாள்களில் வந்தன. தெளித்தது சரியா தவறா என்பதைவிட, தெளிப்பதற்கு முன் அந்தப் பச்சை எந்த இனம், அதில் நஞ்சு மரபணு உண்டா, தண்ணீரில் நஞ்சு எவ்வளவு என்ற மூன்று கேள்விகளுக்கும் விடையை ஊரறிய வெளியிட்டிருக்க வேண்டும் என்பதே என் கட்சி. நாற்றத்தை அடக்குவது சிகிச்சை ஆகாது.

அவசரப்பட்டு மருந்து போடுவதில் ஆபத்தும் உண்டு. 1979-இல் ஆஸ்திரேலியாவின் பாம் தீவில் குடிநீர் அணையில் பாசி பெருகியது. நாறுகிறது என்று மக்கள் சொல்ல, மயில்துத்தம் போட்டார்கள். பாசி செத்தது, செத்த செல்களிலிருந்து நஞ்சு முழுதும் தண்ணீருக்கு வந்தது. 148 பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அவர்களில் 138 பேர் குழந்தைகள். நஞ்சு செல்லுக்குள் இருக்கும்வரை அதை அப்படியே வடித்து எடுத்துவிடலாம். சுத்திகரிப்பு நிலையங்கள் முதலில் படிகாரம் போட்டுச் செல்களை முழுசாகப் படிய வைத்து, வடித்து, அதன் பிறகே குளோரின் போட வேண்டும் என்று சொல்வது இதனால்தான். கரைந்துவிட்ட நஞ்சுக்குக் கிளர்வூட்டிய கரி உதவும். வீட்டுக் ‘கேண்டில்’ வடிகட்டி உதவாது.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரம், 2012-இல் திருத்திய ஐஎஸ் 10500, ஆர்சனிக்குக்கும் ஃபுளோரைடுக்கும் பூச்சிமருந்துகளுக்கும் எண் கொடுத்தது. மைக்ரோசிஸ்டினுக்கு எண் கொடுக்கவில்லை. எண் இல்லாத பொருளை எந்த அலுவலகமும் அளக்காது. மைசூரிலோ எல்லாமே நடைதூரத்தில் இருக்கின்றன: பல்கலைக்கழகத்தின் நுண்ணுயிரியல், உயிரித் தொழில்நுட்பத் துறைகள் ஏரிக்கரையில், உணவு ஆராய்ச்சி நிறுவனம் பக்கத்தில், கொரோனா காலத்தில் வாங்கிய பிசிஆர் எந்திரங்கள் ஊரெங்கும். மாதம் ஒருமுறை குக்கரஹள்ளி, காரஞ்சி, லிங்காம்புதி ஏரிகளில் தண்ணீர் அள்ளி, எம்சிஒய்-இ எத்தனை என்று எண்ணி, கரையில் ஒரு பலகையில் எழுதி வைக்க முதுநிலை மாணவர்கள் நாலு பேர் போதும். மேட்டூருக்கும் இதையே கேட்கிறேன். திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் சயனோபாக்டீரியாவுக்கென்றே ஒரு தேசிய சேகரம் இருக்கும்போது ஆள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

அதுவரை உங்களுக்கு: பச்சை ஆடை கட்டிய கரையில் நாயையும் மாட்டையும் இறங்க விடாதீர்கள், குழந்தைகளை விளையாட விடாதீர்கள். கை கால் பட்டால் குழாய்த் தண்ணீரில் கழுவுங்கள். அந்த ஏரி மீனைச் சாப்பிட வேண்டியிருந்தால் ஈரலையும் குடலையும் எறிந்துவிடுங்கள். காய்ச்சிக் குடித்தால் ஒன்றும் ஆகாது என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.